செப்புக் குடத்துத் தண்ணீர்

வேன்கார சிவநேசனுக்குக் கடல் என்றால் சாம்பல் கரைக்கும் இடம். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து கடற்கரை அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனாலும் இந்த ஐம்பத்தாறு வயதுக்குள் அவர் கடலைப் பார்த்தது ஏழெட்டு முறைதான். ஒவ்வொரு முறையும் சிவப்புத் துணி கட்டிய மண்சட்டியோடு போன கூட்டத்தில் ஒருவராகப் போயிருந்தார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாக்களுக்கு, ரப்பர் பால் லோரி ஓட்டிய காலத்துக் கூட்டாளிக்கு. சட்டியை விட்டதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பார்கள். அவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டு ஹாலில், சாமி மேடைக்கு எதிர்ச் சுவரோரமாக, மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருந்தது.

அது மகள் ரூபினியுடையது. சுங்கைப்பட்டாணியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவள், தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கி வைத்த கண்ணாடித் தொட்டி. உப்பை அளந்து கரைத்து, விளக்கு மாட்டி, தண்ணீரை அலை போலத் தள்ளுவதற்கு ஒரு சின்ன மோட்டாரும் வைத்திருந்தாள். உள்ளே துளைத்துளையாகக் கற்கள், கண்ணாடியில் ஊரும் நத்தைகள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். நடுக்கல்லின் மேல் அனிமோன். விரல் விரலாக நீட்டி, நுனியில் குமிழ் வைத்து, எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். தமிழில் அதற்குக் கடல் சாமந்தி என்று பேர் என ரூபினி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். சிவநேசன் அதையும் சுருக்கிப் 'பூ' என்றார்.

"பூ இல்லப்பா, அது ஒரு உயிர். வாய் இருக்கு, சாப்பிடும், பிடிக்கலன்னா கொட்டும்."

"வாய் இருக்கு, கொட்டும். உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

"கேக்குது, கேக்குது," என்று சமையலறையிலிருந்து குணவதியின் குரல் வந்தது.

சிவநேசன் புக்கிட் செலம்பாவிலிருந்து சுங்கைப்பட்டாணிப் பள்ளிகளுக்கு இருபத்திரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறார். தோட்டம் கைமாறி ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது, பால் லோரி சாவியைக் கொடுத்துவிட்டு வேன் சாவியை எடுத்தவர். அவர் வேனில் தூங்கி வழிந்துகொண்டு போன பிள்ளைகளில் இரண்டு பேர் இன்றைக்கு டாக்டர், ஒருத்தி வக்கீல், ஒருவன் கப்பலில் இன்ஜினியர். கல்யாண வீட்டில் யார் கிடைத்தாலும் இந்தப் பட்டியலைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

சொந்த மகள் விஷயத்தில் மட்டும் பட்டியலில் ஒரு வரி மாறிப்போயிற்று. ஏழு வருடத்துக்கு முன்னால், திரெங்கானுவில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க ரூபினிக்கு இடம் கிடைத்தது. அந்தச் சேர்க்கைத் தாளை அச்செடுத்து வந்து சாமி மேடையில் சூடத்தட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். சிவநேசன் அதைக் கையில் எடுக்கவில்லை.

"திரெங்கானு எங்க இருக்குன்னு தெரியுமா? அந்தக் கோடி. கடல்ல பொம்பளப் புள்ளைக்கு என்னா வேல? இங்கயே அக்கவுண்ட்ஸ் படி. வீட்டுச் சோறு சாப்பிடலாம், வேலையும் கிடைக்கும். உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் அவருக்கும் ஏதாவது பதில் கிடைத்திருக்கும். அவள் சரி என்றாள். கணக்கு படித்தாள், முதல் வகுப்பில் தேறினாள், கறுப்பு அங்கியோடு எடுத்த படம் ஹாலில் மாட்டப்பட்டது. சூடத்தட்டுக்கு அடியிலிருந்த தாள் அந்தத் தீபாவளிக்கு வீடு கழுவியபோது காணாமல்போனது. யாரும் தேடவில்லை. முதல் சம்பளம் வந்த மாதம் தொட்டி வந்தது.

இந்த வருடம் கம்பெனியில் அவளை இரண்டு மாதப் பயிற்சிக்கு ஜொகூருக்கு அனுப்பினார்கள். கிளம்பிய அன்று கடைசி நிமிடம் வரைக்கும் தொட்டிப் பக்கத்திலேயே நின்றாள். மோட்டாரின் வாயில் மாட்டும் பஞ்சு மூடியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் வேனைக் கிளப்பி வைத்திருந்த சிவநேசன் மூன்று முறை ஹாரன் அடித்தார். "பஸ்ஸு உனக்காகக் காத்திருக்காதும்மா!" கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடந்தது. தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. அதனால் குறைகிற அளவுக்குத் தினமும் உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். பைப் தண்ணீர் கூடவே கூடாது. கடை வரிசையில் சில்லறை போட்டால் வடிகட்டிக் கொடுக்கிற மெஷின் தண்ணீர்தான். "வேற ஒண்ணும் செய்யாதீங்கப்பா. அது போதும்."

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை வேன் நடை முடிந்து வீட்டுக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நடுக்கல் காலியாக இருந்தது. பூ ராத்திரியில் இடம் பெயர்ந்து, மோட்டாரின் திறந்த வாயில் பாதி உறிஞ்சப்பட்டுக் கிடந்தது. பிய்ந்த விரல்கள் தண்ணீரில் மிதந்தன. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"ரூபினி, பூ மோட்டாருல மாட்டிக்கிச்சும்மா."

"இழுத்துடாதீங்கப்பா. முதல்ல சுவிட்ச அடைங்க."

"அடைச்சாச்சு. இப்ப என்னா செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாம்பா. அதுவா விட்டு வரும். பிச்சு எடுத்தா செத்துரும்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று மத்தியான வேன் தாமதமானது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் போன் அடித்தது. இரண்டாம் வகுப்புப் பையனின் தாய் லோகேஸ்வரி.

"அண்ணே, டயர் கியர் பஞ்சராண்ணே?"

"இல்லம்மா. வீட்ல ஒரு ஆளுக்கு அடிபட்டுருச்சு. தோ வந்துட்டேன்."

"ஐயோ, யாருக்குண்ணே?"

சிவநேசன் கொஞ்சம் யோசித்து, "வேண்டப்பட்டவங்க," என்றார்.

சாயங்காலத்துக்குள் அது தானாக விட்டு வந்தது. உடம்பின் ஒரு பக்கம் கிழிந்து, வாய் பிளந்து, கசக்கிப் போட்ட துணி போல இருந்தது. ரூபினி வீடியோவில் சொல்லச் சொல்ல, குணவதியின் அரிசி களையும் துளைக்கூடையை எடுத்து, பூவை அதற்குள் மெதுவாக இறக்கி, தொட்டி ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். "அந்தக் கூடை போச்சு," என்று குணவதி முனகினாள். ஆனாலும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பேசி முடிக்கும்போது ரூபினியின் குரல் இறங்கியது. "பஞ்சு மூடியக் கழுவினேன்ல, திரும்ப மாட்டவே இல்லப்பா. எம்மேலதான் தப்பு."

மூடி பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. சிவநேசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூன்று ஹாரன் அடித்தது ஞாபகம் வந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. மூடியை மட்டும் மோட்டாரில் மாட்டினார்.

அதற்குப் பிறகு அவருடைய நாள் வேறு மாதிரி ஆனது. இரண்டு நடைக்கும் இடையே காப்பிக் கடையில் உட்காருகிறவர் நேராக வீட்டுக்கு வந்தார். பிய்ந்து அழுகிய துணுக்குகளைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். விளக்கைக் குறைத்து வைத்தார். உப்பளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கப் பழகினார். எட்டாவது நாள் பூவின் வாய் மூடியது. பத்தாவது நாள் அதன் அடிப்பாகம் கூடையைக் கவ்விப் பிடித்தது. பாசாரில் ஒரே ஒரு இறால் கேட்டு மீன்காரனிடம் கிண்டல் வாங்கிக்கொண்டு வந்து, அதைப் பச்சைப்பயறு அளவுக்கு நறுக்கி, இடுக்கியால் நீட்டினார். இரண்டு விரல்கள் வளைந்து வந்து வாங்கிக்கொண்டன.

"வாங்கிருச்சும்மா," என்று இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் சொன்னார்.

"அப்பா, நீங்க என்னைவிட நல்லா பாத்துக்கிறீங்க," என்றாள் ரூபினி. அவள் அவரிடம் அப்படியொரு வார்த்தை சொல்லி எத்தனையோ வருடமாகியிருந்தது. அன்று முழுவதும் வேனில் பிள்ளைகள் போட்ட கூச்சல்கூட அவர் காதில் விழவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவருக்கு இன்னும் நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

மெஷின் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் போத்தலில் பிடித்து வேனின் பின்பக்கம் வைத்திருப்பார். வெயிலில் வேன் கொதிக்கும். ஒருநாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் வாடை. காயம்பட்ட உயிருக்கு இதையா ஊற்றுவது? சமையலறை மேடையில் குணவதியின் செப்புக் குடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பினாங்கில் வாங்கியது. செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று போனில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு வாங்கினாள். தினமும் காலையில் இரண்டு டம்ளர் குடிக்கத் தொடங்கிய பிறகு தன் முழங்கால் வலி பாதி குறைந்தது என்பது சிவநேசனின் கட்சி. வெள்ளிக்கிழமைதோறும் குணவதி புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பாள். குடம் புதுக் காசு போல மின்னும்.

மெஷின் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி வைத்து, மறுநாள் அதிலிருந்து மொண்டு தொட்டிக்கு ஊற்றினார். குணவதியும், "நமக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுதானே," என்றாள். ரூபினியிடம் சொல்லவில்லை. அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

குடத்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தது. வயதாகியிருக்கும் என்று எடுத்துப் போட்டார். மறுநாள் இன்னும் இரண்டு. பூ விரல்களைச் சுருக்கிக்கொண்டது. இறாலை நீட்டினால் பிடிக்காமல் நழுவவிட்டது. மீன்கள் மட்டும் எப்போதும்போல் சுறுசுறுப்பாக இருந்தன. ரூபினிக்குப் போன் போட்டார்.

"உப்பு எவ்வளவு இருக்குப்பா?"

"நீ சொன்ன கோட்டுலதான் நிக்குது."

"தண்ணி?"

"நீ சொன்ன மெஷின் தண்ணிதான்மா. ஒரு சொட்டு பைப் தண்ணி படல."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொட்டித் தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதிதாக உப்பு கரைத்து ஊற்றச் சொன்னாள். குடத்துத் தண்ணீரிலேயே உப்பைக் கரைத்து ஊற்றினார். தேறவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை ஊற்றினார். நோயாளிக்கு முடியாதபோது நல்லதைக் கூட்டிக் கொடுப்பதுதானே முறை?

பத்தொன்பதாம் நாள் வேனை நிறுத்திவிட்டு வாசலுக்கு வரும்போதே நாற்றம் அடித்தது. கூடையில் பூ இல்லை. பழுப்பாகக் குழைந்துபோன ஏதோ ஒன்று இருந்தது.

போனில் ரூபினி அது எப்படிக் கிடந்தது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "நாந்தாம்பா கொன்னுட்டேன். மூடிய மட்டும் மாட்டிட்டு வந்திருந்தா…" என்றாள்.

"விடும்மா. உன்னால இல்ல."

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவருக்கே தெரியாது.

அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, நடை இல்லாத நேரத்தில் தஞ்சோங் டாவாய் வரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய், படகுத்துறை ஓரமாகக் குனிந்து தண்ணீரில் விட்டார். பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வேன் கதவைத் திறந்தவர், பிறகு நின்று, திரும்பிப் பார்த்தார். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

பயிற்சி முடிந்து ரூபினி சனிக்கிழமை வருகிறாள். அதற்குள் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று வியாழக்கிழமை சுங்கைப்பட்டாணி மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் லிம், தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர், சிவநேசனைவிட நன்றாகத் தமிழில் ஏசுவார்.

"இன்னொண்ணு வேணுமா? மொதல்ல போனது ஏன் போச்சுன்னு தெரியுமாண்ணே?"

"மோட்டாருல அடிபட்டது."

"அடிபட்டுத் தேறிச்சு, இறால் தின்னிச்சுன்னு நீதானே அன்னிக்கு வந்து கத சொன்ன. அப்புறம் ஏன் செத்துச்சு? போய்த் தொட்டித் தண்ணி கொஞ்சம் கொண்டா."

கொண்டுவந்த தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துச் சொட்டு விட்டார் லிம். மூன்று குழாய்களை உதறினார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். தண்ணீர் நிறம் மாறியிருந்தது.

"மீனுக்கு மருந்து கிருந்து ஊத்தினியாண்ணே?"

"இல்லியே."

"செம்பு இருக்கு. நெறைய. மீன் தாங்கும். நத்தை, அனிமோன் எல்லாம் தாங்காது, அதுங்களுக்கு இது வெசம். காசு எதும் உள்ள விழுந்துச்சா? தண்ணி எதுல புடிக்கிற?"

"போத்தல்லதான்…" என்று தொடங்கிய சிவநேசன் நிறுத்தினார். மேடையில் மின்னும் குடம் கண்முன் வந்தது. புளி, உப்பு, வெள்ளிக்கிழமை. கால் பங்கு, மறுபடியும் கால் பங்கு. உட்கார எதையோ தேடினார். லிம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் லிம் சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்கதாண்ணே இந்தத் தப்ப பண்ண முடியும்," என்று மட்டும் சொன்னார். புதுப் பூ எதையும் விற்கவும் இல்லை. "கல்லெல்லாம் செம்பக் குடிச்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கக்கிக்கிட்டே இருக்கும். அந்தக் கல்ல வச்சா, நீ எத்தன வாங்கிப் போட்டாலும் சாகும்."

அந்தக் கற்கள் ஒவ்வொன்றையும் ரூபினி பொறுக்கியெடுத்து வாங்கியது சிவநேசனுக்குத் தெரியும். இரண்டரை வருடம். ஊதா நிறம் படர்ந்து வருவதைக் காட்டி, "பாருங்கப்பா, உயிர் வந்துருச்சு," என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு நாள் அவர் குணவதியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "மூடியாலன்னே அவ நெனச்சிக்கிட்டுப் போகட்டுமே. இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள். அவருக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஒரு வார்த்தையும் பேசாமலிருந்தால் போதும், மகள் அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்வாள். சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவள்தானே.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்திலிருந்து வேனில் வரும்போது ரூபினி முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இனிமே மூடியில ஒரு சிவப்புக் கயிறு கட்டி வைக்கப்போறேம்பா. மறந்தா கண்ணுல படும்," என்றாள்.

செம்பனைத் தோட்டத்து ஓரமாக வேனை நிறுத்தினார் சிவநேசன்.

"மூடியால இல்லம்மா. மாட்டாம போனதுக்கும் நாந்தான் காரணம், நாந்தான் ஹாரன் அடிச்சேன். ஆனா அதால அது சாகல. தேறிருச்சு. நாந்தான் செப்புக் குடத்துத் தண்ணிய ஊத்தினேன்."

அவள் உடனே புரிந்துகொண்டாள். அது முகத்தில் தெரிந்தது.

"எத்தன நாளு?"

"பத்தொம்போது."

"தண்ணி மாத்தினப்பவும் அதான்?"

"அதான்."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் குலைகளை ஏற்றிக்கொண்டு போனது. அது போய் மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுன்னு நெனச்சேம்மா."

"தெரியும்பா. நல்லதுன்னுதான் செய்வீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவள் குடத்தைப் பற்றித்தான் சொன்னாள். சிவநேசனுக்குச் சூடத்தட்டுக்கு அடியிலிருந்த தாள் ஞாபகம் வந்தது. அதை அவர் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

"அந்தத் திரெங்கானு லெட்டரும்…" என்றார்.

ரூபினி அவரைப் பார்க்கவில்லை. "வண்டிய எடுங்கப்பா," என்றாள். "மீனு ரெண்டும் என்னா கதியில இருக்கோ."

வீட்டில் பையைக்கூட அறைக்குள் கொண்டுபோகாமல் தொட்டியின் முன்னால் நின்றாள். மீன்கள் இரண்டும் காலியான துளைக்கூடைக்குள் படுத்துக் கிடந்தன. அவள் அவற்றை ஒரு வாளிக்கு மாற்றினாள். லிம் சொன்னதைச் சிவநேசன் சொன்னார். அவள் தலையசைத்தாள். கற்களை எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க கொண்டுபோய் விட்டீங்க அத?"

"தஞ்சோங் டாவாயில. கடல்லதான்மா."

அவள் கை ஒரு நொடி நின்றது.

முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ஊதா படர்ந்த நடுக்கல்லைச் சிவநேசன் தூக்கினார். கனமாக இருந்தது. துளைகளிலிருந்து நீர் சொட்டித் தரையெல்லாம் நனைந்தது. எப்போதுமென்றால் நேராகப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் வைத்திருப்பார். இன்று அதை ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இத எங்க வைக்கணும்மா?"

ரூபினி கல்லைப் பார்த்தாள், பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். அவர் கை வலிக்க வலிக்கக் காத்திருந்தார்.